கடிக்குட்டியும் கைலிக்கடை நானாவும்

போன மாதம் தெம்பனிஸில் இருக்கும் என் சின்ன மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் ஒரு கறுப்பு நாய்க்குட்டி ஓடிவந்து என் சேலைக்கரையைப் பிடித்து இழுத்தது. உறுமியது. குனிந்து தடவப் போன என் கட்டைவிரலை லபக்கென்று கடித்தது.

மகள் பதறிப்போனாள். "சாரிம்மா. ரொம்ப அக்ரஸிவா இருக்கு. திருப்பிக் குடுத்துரலாம்னு இவர் சொல்றார். கைய எடுங்கம்மா, எடுங்க."

நான் கையை எடுக்கவில்லை. கம்பம் நட்டது போல நின்றேன். குட்டி இரண்டு தரம் மென்று பார்த்தது, சுவாரசியம் போய் விரலை விட்டது, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

"உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?" என்றாள் மகள்.

என்னைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடுப்பை அணைத்தேனா என்று லிஃப்ட் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறவள் நான். மருத்துவரிடம் போக ஒன்பது மணிக்கு நேரம் கொடுத்தால் ஏழரைக்கே போய் உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்டவள் நாய் வாயில் விரலை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா நின்றேன்? ஈசூனில் என் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை ரயிலில் எனக்குள் ஒரே பரபரப்பு. பதினோரு வயதில் நடந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தது. உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபதைத் தாண்டிய உங்களில் சிலராவது எங்கள் பழைய கடை வரிசையில் பூ வாங்கியிருப்பீர்கள்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அப்பாவின் பூக்கடை. கீழே கடை, மேலே நாங்கள். வாசலில் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தில் வாழைநார் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். அப்பா முக்காலியில் உட்கார்ந்து கால் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு மாலை கட்டுவார். இடது பக்கக் கடை கைலிக்கடை. கைலி, துண்டு, தொப்பி, ஜமுக்காளம் எல்லாம் இருக்கும். அதன் முதலாளியை நாங்கள் நானா என்போம். தமிழ் முஸ்லிம் பெரியவர்களை அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும். ஒரு மழை நாளில் அண்ணன் பின்சந்திலிருந்து ஒரு பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடைக்குள் சாக்கு, சாக்குக்குள் ஒரு செம்பட்டைக் குட்டி. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். தாயைக் காணோம், கூடப் பிறந்ததும் ஒன்றும் இல்லை.

"கொண்டு போய் விடு" என்றார் அம்மா. சொல்லிக்கொண்டே பாலைச் சூடு பண்ணினார்.

கொஞ்ச நாள் தூங்கியது, குடித்தது, தூங்கியது. பிறகு பல் முளைத்தது. ஐயோ, அந்தப் பல். அரிசி நுனி மாதிரி, குண்டூசி மாதிரி. என் ரெட்டைச் சடையின் சிவப்பு ரிப்பனில் தொங்கியது. பள்ளிக்குப் போட்டுப் போகும் வெள்ளைச் சப்பாத்தின் நாக்கைப் பிய்த்துப் போட்டது. அண்ணனின் முழங்காலில், அம்மாவின் குதிகாலில், என் கையில், எங்கு பார்த்தாலும் சிவப்புக் கோடு. வீட்டில் அதிகம் கடி வாங்கியவள் நான். அண்ணன் சுவரில் சாக்பீஸால் எனக்கென்று தனி வரிசையே போட்டான், ஒரு கடிக்கு ஒரு கோடு.

"உன் ரத்தம்தான் அதுக்கு ருசியா இருக்குலா" என்பான்.

கடி போதாதென்று உறுமலும் வந்தது. தொண்டைக்குள் சின்ன மோட்டார் ஓடுகிற மாதிரி. அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் மாறியது.

"உறுமுது பாரு. வெறி புடிச்சிருக்குமோ?"

வெறி பிடித்த நாய் தண்ணீருக்குப் பயப்படும் என்பது அப்பாவுக்குத் தெரிந்த மருத்துவம். நார் ஊறும் பாத்திரத்தைக் குட்டியின் முன் நகர்த்தி வைத்தார். பக்கத்துக் கோப்பிக்கடையிலிருந்து நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். குட்டி பாத்திரத்தைப் பார்த்தது, முகர்ந்தது, தொபீரென்று உள்ளே குதித்தது. வாய் நிறைய நாரைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து, அப்பாவின் வேட்டி மேல் உடம்பை உதறியது.

"வெறி இல்லப்பா. வெறும் திமிரு" என்றார் கோப்பிக்கடைக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்கள் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஒரு கையால் தொப்புளைத் தடவிக்கொண்டே கணக்குப் பாடம் எழுதினேன். பதினாலு ஊசிக்கு அங்கே இடம் போதுமா என்பதுதான் என் கணக்கு.

அடுத்தது அம்மாவின் வைத்தியம். விரல் சூப்பும் பிள்ளைகளுக்கு விரலில் வேப்பெண்ணெய் தடவுவார்கள் அல்லவா? நான் விரல் சூப்பியதை நிறுத்தியதும் அதுதான். குட்டியும் ஒரு குழந்தைதானே என்று அம்மா எங்கள் எல்லார் கையிலும் கணுக்காலிலும் வேப்பெண்ணெய் பூசிவிட்டார். குட்டி முதலில் தும்மியது. பிறகு நக்கியது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ரசித்து ரசித்து நக்கியது. எண்ணெயை முழுசாக நக்கி முடித்துவிட்டு, சுத்தமான கையில் கடித்தது. அந்த ஒரு வாரம் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. வகுப்பாசிரியை ஒன்றும் கேட்காமல் எழுந்து போய் சன்னலைத் திறந்தார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் நானா. குட்டி நடைபாதையில் தலை காட்டினால் கைலியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார். உயரமான மனிதர், கையில் எப்போதும் துணி வெட்டும் கத்தரி. அந்தக் கத்தரியாலேயே காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்.

"புள்ள, உன் ஆளப் புடிச்சுக்க. அசர் தொழுகைக்குப் போவணும் நான்."

குட்டி வந்த மூன்றாம் வாரம் அவர் கடை வாசலில் ஒரு பழைய பால்மாவு டின் வந்தது. அதில் சலித்த செம்மண். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குவளை. நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்று அண்ணன் தன் மலாய் நண்பனிடம் கேட்டு வந்து சொன்னான்.

அம்மாவுக்கு அது தைத்துவிட்டது. "நம்ம கண்ணுல படணும்னே வாசல்ல வச்சிருக்காரு பாத்தீங்களா. அத்தனை அசிங்கமா நம்ம குட்டி?"

"அவரு வழக்கம் அவருக்கு" என்றார் அப்பா. "ஆனா எத்தன நாளைக்குப் பொறுத்துக்குவாரு? ஒரு போன் போட்டாப் போதும், நாய் புடிக்கிற வண்டி வந்துரும். நம்மகிட்ட லைசென்ஸும் இல்ல."

லைசென்ஸ் எடுக்காததற்குக் காரணம் இருந்தது. குட்டியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அப்பா இன்னும் முடிவு செய்யவில்லை. பேர்கூட வைக்க விடவில்லை. பேர் வைத்தால் தங்கிவிடும் என்பார். அன்றைக்கு ஒரு நிபந்தனை வைத்தார். வெளி ஆள் ஒருவரை, ஒரே ஒரு தடவை, குட்டி கடித்தால் போதும். தீபாவளிப் பூ ஏற்றி வரும் லாரிக்காரரிடம் கொடுத்துவிடுவார். லாரிக்காரருக்கு ஊருக்கு வெளியே தோட்டம் இருந்தது. அங்கே ஏற்கெனவே இரண்டு நாய்கள் சங்கிலியில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். சங்கிலி எட்டும் தூரத்துக்குத் தரையில் வட்டமாகப் புல்லே இருக்காது.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பூ வாங்க வரும் ஒவ்வொருவர் காலையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். குட்டி ஓடினால் நானும் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். நான் கத்தக் கத்த அது இன்னும் குதித்தது, இன்னும் கடித்தது.

ஒரு சாயங்காலம்தான் அதைக் கவனித்தேன். அப்பா கல்யாண மாலை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். மாலை கட்டுகிறவர்கள் பாதி முடிச்சில் கையை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் நார் தளர்ந்து பூ வரிசை கலைந்துவிடும். குட்டி அவருடைய கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உறுமியது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார், ஆனால் காலை அசைக்கவில்லை. அசைந்தால் மடியிலிருக்கும் மாலை போய்விடும். குட்டி கொஞ்சம் இழுத்துப் பார்த்தது. அப்புறம் விட்டுவிட்டு நேரே என்னிடம் ஓடி வந்தது. நான் வழக்கம்போல வீலென்று கத்தி ஓட ஆரம்பித்தேன், பாதியில் நின்றேன்.

சுவரைப் பார்த்தேன். அப்பா பெயருக்கு நேரே மூன்றே கோடு. எனக்கு அறுபதுக்கு மேல்.

ஓடுவதைத்தான் அது கடிக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். "கிறுக்கு" என்றான். மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் வாசலில் நின்று கையை நீட்டினேன். குட்டி கவ்வியது. வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. "ஆ" என்று ஒரே ஒரு சத்தம் போட்டேன், அதோடு மரமாகி நின்றேன். பயந்த பிள்ளைக்கு உலகத்தில் மிகக் கஷ்டமான காரியம் சும்மா நிற்பதுதான். எண்ணிக்கொண்டே நின்றேன். எட்டு வருவதற்குள் விட்டது. விட்டதும், முன்பே சடை போலப் பின்னி வைத்திருந்த ஊறின வாழைநார் மூன்றை அதன் வாயில் கொடுத்தேன். குளிர்ச்சியாக, நாராக, மெல்ல மெல்லப் பிரிந்து வரும் அது. என்ன சந்தோஷம் அதற்கு. முன்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் மென்றது.

மகள் வீட்டுக்கு வந்த பயிற்சியாளர் பெண் இதையேதான் ஆங்கிலத்தில் சொன்னாளாம். கடித்தால் விளையாட்டை நிறுத்து, கடிக்க வேறு ஒன்று கொடு. கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு புரளும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று நாய்க்குத் தெரியுமாம். எங்கள் குட்டிக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. கூடையில் தனியாகக் கிடந்தது. அதற்கு வலியைச் சொல்லிக் கொடுக்கக் கிடைத்த உடன்பிறப்பு நான்தான் போலிருக்கிறது.

குட்டி தட்டில் வாய் வைத்ததும் உறுமும். அதை நிறுத்த அண்ணன் ஒரு வழி வைத்திருந்தான். யார் பெரியவன் என்று காட்ட தட்டை வெடுக்கென்று இழுப்பான். உறுமல் கூடியது. அம்மாவுக்கு இந்தப் பெரியவன் சின்னவன் எல்லாம் தெரியாது. யார் சாப்பிட உட்கார்ந்தாலும் பாதியில் வந்து மறுபடி பரிமாறினால்தான் அவருக்கு மனசு ஆறும். ஒருநாள் பழக்க தோஷத்தில் குட்டியின் தட்டிலும் ஒரு துண்டு மீனைப் போட்டுவிட்டுப் போனார். மறுநாளும் போட்டார். நாலாம் நாள் அம்மாவின் காலடி கேட்டதும் உறுமல் போய் வால் ஆடியது.

"நீ தட்டைப் புடுங்குற, அம்மா போடுறாங்க. நானே குட்டியா இருந்தாலும் ஒன்னப் பாத்தா உறுமுவேன்" என்றேன் அண்ணனிடம். அவனை நான் மடக்கியது அதுதான் முதல் தடவை.

சுவரில் கோடு குறைந்தது. ஒரு நாளைக்கு நாலு, பிறகு இரண்டு. பிறகு குட்டி கையை வாயில் வாங்கிக்கொள்ளும், ஆனால் அழுத்தாது. ஒரு முட்டையைப் பிடிப்பது போல. எனக்கு ஒரே குதூகலம். ஆனாலும் என் கவலை என்னை விடவில்லை. எங்களிடம் அழுத்தவில்லை, சரி. வெளி ஆளிடம்?

தீபாவளிக்கு ஒரு வாரம். சந்து முழுக்கச் செண்டுப்பூ நெடி, கடை முன்னால் வரிசை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். கோப்பிக்கடையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

"பூக்கடை, நாய் வண்டி வருது."

குட்டியின் கூடைக்கு ஓடினேன். கூடையில் செண்டுப்பூ. இடம் போதவில்லை என்று அம்மா பூவைக் கொட்டியிருந்தார். வாசலுக்கு வந்தேன். நடைபாதையின் நடுவில் குட்டி, வாயில் நார்ச்சடை, தலை நிமிர்ந்து, ஊருக்கே காட்டுவது போல நின்றது. நாலு கடை தள்ளி, நீளக் கம்பின் நுனியில் கயிற்றுச் சுருக்கோடு ஒருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

ஓட வேண்டும். கால் பரபரத்தது. ஆனால் நான் ஓடினால் அதுவும் ஓடும். விளையாட்டு என்று நினைக்கும். அந்தப் பக்கம் ரோடு, இந்தப் பக்கம் சுருக்கு. தொண்டைவரை வந்த கத்தலை விழுங்கிவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்தேன். குட்டி என்னைப் பார்த்தது. நின்றது. ஒரு அடி எடுத்து வைத்தது.

அப்போது கத்தரி கீழே விழும் சத்தம் கேட்டது. நானா எழுந்தார். இரண்டு எட்டில் வந்தார், குனிந்தார், குட்டியை அப்படியே அள்ளினார். அடுக்கிலிருந்து ஒரு துண்டை உருவி அதன்மேல் போட்டுத் தன் தொளதொளச் சட்டைக்குள் செருகிக்கொண்டு முக்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் ஒரு மூச்சில். நார்ச்சடை மட்டும் நடைபாதையில் கிடந்தது.

சுருக்குக்காரர் வந்து நின்றார். மலாயில் கேட்டார், இங்கே ஒரு சின்ன நாய் இருந்ததே என்று. நானா பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது சட்டைக்குள்ளிருந்து அந்தச் சின்ன மோட்டார் ஓட ஆரம்பித்தது.

நானா இருமினார். பெரிய இருமல். நிறுத்தினால் மோட்டார் கேட்கிறது, ஆகவே மறுபடி இருமினார். இருமலுக்கு நடுவில் மலாயில் சொன்னார். "நான் அஞ்சு வேளை தொழுறவன் தம்பி. நாய் வளக்குறவனாட்டமா இருக்கேன்?"

அவர் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். கேள்விதான் கேட்டார்.

சுருக்குக்காரர் அவருடைய தொப்பியைப் பார்த்தார், வாசலில் இருந்த மண் டின்னைப் பார்த்தார். "வெந்நீர் குடிங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி சந்து முனையில் திரும்பும்வரை நானா இருமிக்கொண்டே இருந்தார்.

அப்பா ஓடி வந்தார். கையில் பாதி கட்டிய மாலை. பாதி முடிச்சில் விட்டுவிட்டு வந்திருந்தார். பூ எல்லாம் வழியெங்கும் கொட்டிக் கிடந்தது. அவர் குட்டியைப் பார்க்கவில்லை. நானாவின் கையையே பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். வெளி ஆள், ஒரே ஒரு தடவை.

நானா சட்டையை விலக்கினார். குட்டியின் வாயில் அவருடைய ஆள்காட்டி விரல் முழுசாக இருந்தது. மெல்ல உருவினார். இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார்.

"கவ்விக்கிட்டுத்தான் இருந்தான் அம்புட்டு நேரமும். பல்லு பதியல."

நான் அழுதேன், சிரித்தேன், எதை முதலில் செய்தேன் என்று தெரியவில்லை.

அம்மா உள்ளே போய் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். நானாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நானா, நாங்க உங்கள..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"ஊத்து புள்ள" என்றார் நானா என்னிடம். "மொதல்ல மண்ணு."

டின்னிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் தேய்த்தார். நான் குவளையால் ஊற்றினேன். செந்நிறமாக ஓடியது. ஒன்று. பிறகு வெறும் தண்ணீர். இரண்டு, மூன்று. தப்பாக எண்ணிவிடுவேனோ என்று சத்தமாகவே எண்ணினேன். நாலு.

"பேரு என்ன இவனுக்கு?"

"இன்னும் வைக்கல நானா."

"உசுரக் காப்பாத்தி விட்டிருக்கேன், பேரு இல்லாதவனையா காப்பாத்துனேன்?" என்று அப்பாவைப் பார்த்தார்.

ஐந்து, ஆறு. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்குப் போயி லைசென்ஸ் எடுத்துர்றேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லாரிடமும்தான்.

ஏழாவது குவளையை ஊற்றும்போது குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அந்த ஈரக் கையை நோக்கி வந்தது. நானா கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

"புடி புள்ள, புடி. இல்லேன்னா ஒன்னுலேருந்து ஆரம்பிக்கணும். இந்தச் சட்டைக்கே வீட்டுல என்ன சொல்லப் போறேன்னு தெரியல."

வண்டிக்கு யார் சொல்லி அனுப்பினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அவர் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அந்த டின்னை, எங்கள் முகத்துக்கு நேரே அவர் வைத்த வேலி என்று நாங்கள் நினைத்திருந்தோம். தொடவே மாட்டேன் என்று இருக்கிற மனிதர் எதற்காக மண்ணைச் சலித்துத் தயாராக வைக்க வேண்டும்? அம்மாவும் அப்பாவும் இதை யோசித்தார்களோ என்னவோ. எனக்கே இவ்வளவு வயதான பிறகுதான் உறைக்கிறது.

அந்தக் கடை வரிசை இப்போது வேறு மாதிரி. டின் எங்கே போயிற்றோ. ஆனால் மறுநாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்பியபோது பார்த்தது அப்படியே கண்ணில் இருக்கிறது. நானா அப்போதுதான் கடையைத் திறந்து முக்காலியைப் போட்டிருந்தார். டின் வாசலில், அதே இடத்தில் இருந்தது. அதில் புது மண் விளிம்புவரை நிரம்பியிருந்தது.